காரைக்கால் முதல் வேளாங்கண்ணி வரை: கடைசி நாள் நடை எப்படி?

சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ வேளாங்கண்ணிக்கு முழுசாக நடக்க லீவும் கிடைக்காது, முழங்காலும் ஒத்துழைக்காது, ஆனாலும் ஒரு நாளாவது அந்தக் கூட்டத்தோடு நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காரைக்காலில் அதிகாலையில் கிளம்பி, நாகூர், நாகப்பட்டினம் வழியாக ராத்திரிக்குள் வேளாங்கண்ணி. சுமார் 32 கிலோமீட்டர். பாதயாத்திரைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கடைசி நாள். சாப்பாட்டுக்கு நூற்றுக்கு நூறு போடலாம், கழிப்பறைக்குப் பாஸ் மார்க்கூடப் போட முடியாது, கடலைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவசரமாக இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பேர்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை. கடல் எப்போதும் இடது கைப்பக்கம் கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் வயல், தைலமரம், வீடு, மதில், கருவேலங்காடு என்று ஏதாவது ஒன்று மறைத்துக்கொண்டே வருகிறது. காற்றில் உப்பு தெரியும், மீன் வண்டி தாண்டிப் போனால் அதுவும் தெரியும், அவ்வளவுதான். ரீல்ஸில் அலைக்கு முன்னால் நின்று எடுப்பதெல்லாம் வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்த பிறகு எடுப்பது.

எப்போது போகலாம் என்றால், ஆகஸ்ட் 29 சாயங்காலம் கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. வடக்கிலிருந்து நடந்து வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி கொடியேற்றத்தைக் கணக்கு வைத்துத்தான் வரும். அதனால் 28ஆம் தேதி இந்தச் சாலையில் இருந்தீர்களானால் தனியாக நடக்கிறோம் என்ற எண்ணமே வராது. நானும் 28ஆம் தேதியைத்தான் பிடித்தேன். எங்கள் அண்ணி கடலூரிலிருந்து ஒரு குழுவோடு காவி உடுத்தி, மாலை போட்டு நடந்து வந்துகொண்டிருந்தார்கள், நான் பஸ்ஸில் காரைக்கால் போய் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். மாலை போடாமல் இப்படிப் பாதியில் ஒட்டிக்கொள்கிறவர்களை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. குழுத் தலைவர் பேரையும் போன் நம்பரையும் நோட்டில் எழுதிக்கொண்டார், பையில் ஒட்டிக்கொள்ள ஒளிரும் ஸ்டிக்கர் கொடுத்தார். அந்த ஸ்டிக்கரை மட்டும் தயவுசெய்து ஒட்டிக்கொள்ளுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். தலையாலேயே கயிலாயத்துக்கு நடந்த அம்மையாரின் ஊரிலிருந்து கிளம்பிக்கொண்டு கால் வலிக்குமே என்று நாம் கவலைப்படுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது முன்னாலும் பின்னாலும் வெவ்வேறு ஊர்க் குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சப்பரம். சைக்கிள் சக்கரம் வைத்த வண்டி, உள்ளே மாதா சொரூபம், சுற்றிலும் சீரியல் பல்பு, அடியில் ஜெனரேட்டர், மேலே ஸ்பீக்கர். எங்கள் சப்பரத்தில் சொரூபத்துக்குக் கீழே துணி விரித்து ஒரு மூன்று வயசுக் குழந்தை அத்தனை சத்தத்திலும் தூங்கிக்கொண்டே வந்தது. சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்: இரண்டு குழு பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் இரண்டு பாட்டும் கலந்து எதுவும் புரியாது, உடனே இருவருமே வால்யூமைக் கூட்டுவார்கள். உங்களுக்கு அமைதியான யாத்திரைதான் வேண்டுமென்றால் சப்பரத்துக்கு ஒரு ஐம்பதடி பின்னால் நடங்கள். ஜெபமாலை சொல்லிக்கொண்டு வரும் பாட்டிகளெல்லாம் அங்கேதான் இருப்பார்கள், அவர்கள் நடையும் நமக்குச் சரியாக இருக்கும்.

திருமலைராயன்பட்டினம் வரும்போது இன்னும் இருட்டுதான். காளமேகம் கோபத்தில் மண்மாரி பெய்யட்டும் என்று சாபம் விட்டதாகச் சொல்வார்களே, அந்த ஊர். லாரி ஒன்று கிளப்பிவிட்டுப் போன புழுதியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது சாபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை போலிருக்கிறது என்று தோன்றியது. அங்கேதான் முதல் சாப்பாடு. மணி ஐந்துகூட ஆகவில்லை, ஒரு வீட்டு வாசலில் டியூப்லைட் கட்டி, அண்டா நிறைய எலுமிச்சை சாதம், பக்கத்தில் துவையல், டீ. ஒரு பையன் ரோட்டுக்கே வந்து தட்டை நீட்டுகிறான்: "அக்கா, கொஞ்சமாவது சாப்பிட்டுப் போங்க, அம்மா பார்த்துட்டிருக்காங்க." அம்மா நிஜமாகவே அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எலுமிச்சை சாதத்தில் வேர்க்கடலை தாராளம், புளிப்பு அளவு, எண்ணெய் கொஞ்சம் அதிகம். நடக்கிறவர்களுக்கு அந்த எண்ணெய் ஒன்றும் செய்யாது என்று அண்ணி சொன்னார்கள், சரிதான்.

இதுதான் இந்த நடையின் உண்மையான விசேஷம். காரைக்காலிலிருந்து வேளாங்கண்ணி வரை சாப்பாட்டுக்காக ஒரு ரூபாய் செலவு செய்ய வேண்டியதில்லை. சாம்பார் சாதம், தயிர் சாதம், புளியோதரை, கூழ், சுண்டல், மோர், பிஸ்கட், வாழைப்பழம் எல்லாம் ரோட்டோரத்திலேயே கிடைக்கும். நேர்த்திக்கடன் என்று செய்கிறவர்கள் உண்டு, இளைஞர் மன்றம், ஆட்டோ சங்கம், இறந்துபோன அப்பா நினைவாக என்று செய்கிறவர்கள் உண்டு. எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று பார்த்து யாரும் கொடுப்பதில்லை, வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. சிக்கல் என்னவென்றால் வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நடக்க முடியாது. ஆனால் கையைப் பிடித்து இழுக்கிறவர்களிடம் எப்படிச் சொல்வது? அண்ணி ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: எங்கே நிறுத்தினாலும் ஒரு வாய் மோர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, தலையில் கைவைத்து ஆசீர்வாதம் கேட்டால் பெரியவர்கள் சந்தோஷமாக விட்டுவிடுகிறார்கள். குறை என்று சொன்னால் குப்பைதான். வாங்கிய தட்டை நாலு அடி நடந்து அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள், பாதி சாதத்தோடு. கொடுப்பவர்கள் ஒரு டிரம் வைத்தாலும் அது சாப்பாடு கொடுக்கிற இடத்திலேயே இருக்கிறது, நூறடி தள்ளி வைத்தால்தானே உபயோகம்.

அப்புறம் வாஞ்சூர். புதுச்சேரி மாநிலம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிற இடம், அங்கே எதற்காகக் கூட்டம் கூடும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிகாலையில் எல்லாம் பூட்டிக் கிடந்தது, மாலை போட்ட ஆண்கள் சிலர் நேராகப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் வேகமாகவே தாண்டினார்கள். அதைத் தாண்டினால் வெட்டாற்றுப் பாலம். கடலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று கண்ணுக்குத் தெரிந்தது எனக்கு இங்கே மட்டும்தான். கிழக்கு வெளுக்க ஆரம்பித்திருந்தது, முகத்துவாரத்துப் பக்கம் படகுகள் கட்டிக் கிடந்தன. போட்டோ எடுக்க நிற்காதீர்கள், பாலத்தில் நடைமேடை ஒடுக்கம், பின்னால் பஸ் வருகிறது.

நாகூருக்கு வருவோம். இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: பைபாஸைப் பிடித்து ஊருக்கு வெளியிலேயே போய்விடுவதா, ஊருக்குள் புகுந்து போவதா. நிறையக் குழுக்கள் தூரம் மிச்சம் என்று பைபாஸில் போய்விடுகின்றன. எனக்குக் கேட்டால் ஊருக்குள் போங்கள். தர்கா வாசலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம், கட்டணக் கழிப்பறை இருக்கிறது, டீ நன்றாக இருக்கிறது. ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி, அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். காவி கட்டி மாதா மாலை போட்டவர்கள் அந்த மினாராவுக்குக் கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் ஆண்டவரிடம் ஒரு வேண்டுதல் வைத்துவிட்டு வருவது இங்கே யாருக்கும் செய்தி இல்லை. எங்கள் குழுவில் பாதிப் பேர் போனார்கள். வெளியே வந்தால் நாலைந்து பையன்கள் மேசை போட்டு நன்னாரி சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தர், தாடி வைத்த பெரியவர், அண்ணியின் காலைப் பார்த்துவிட்டு, "உட்காரும்மா, நின்னுக்கிட்டே குடிக்காதே" என்று தன் ஸ்டூலை எடுத்துப் போட்டார். சர்பத் ரொம்ப இனிப்பு. ஆனால் அந்த நேரத்தில் அந்த இனிப்புதான் தேவையாக இருந்தது.

மாலை போடாதவர்களுக்கு ஒரு தகவல்: நாகூரில் இறால் வாடா என்று ஒன்று கிடைக்கும். அரிசி மாவுத் தட்டை நடுவில் வெங்காயம் வைத்து, மேலே இறாலைப் பதித்து எண்ணெயில் பொரித்தது. சாயங்காலப் பலகாரம் என்பதால் காலையில் நமக்கு வாய்க்காது. தம்ரூட் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன், ரவையும் முட்டையும் நெய்யும் சேர்ந்த அந்தக் கட்டி மத்தியானம் வரை கெடவில்லை. விரதத்தில் இருக்கும் அண்ணிக்கு முட்டை ஆகாது, அதனால் எல்லாம் எனக்கே.

நாகூரிலிருந்து நாகைக்கு ஐந்தாறு கிலோமீட்டர். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை, வெயில் ஏறத் தொடங்கிவிடும், ஊர்ச் சாலை, கடைத்தெரு, ஹாரன். ஒன்பதரை மணிக்கு நாகைக்குள் ஒரு கல்யாண மண்டபத்தில் படுத்தவர்கள்தான், நாலு மணி வரை யாரும் எழுந்திருக்கவில்லை. பத்து மணியிலிருந்து நாலு மணி வரை நடக்கக் கூடாது, இது எல்லாக் குழுவும் வைத்திருக்கும் சட்டம். ஆகஸ்ட் கடைசியில் இந்தக் கடலோரத்து வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். அந்தச் சட்டத்தை மீறி நடக்கிற இளவட்டங்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செருப்பில்லாத கால்கள், தார் சுடுகிறது, அதனால் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒருத்தர் பின்னால் ஒருத்தராகக் கம்பியில் நடப்பது போல நடந்தார்கள். கோடு அழிந்த இடம் வந்தால் ஓட்டம். இன்னும் சிலர் கனமான சாக்ஸ் மட்டும் போட்டிருந்தார்கள். செருப்புப் போட மாட்டேன் என்றுதானே நேர்ந்துகொண்டோம், சாக்ஸைப் பற்றிப் பேச்சே இல்லையே என்பது அவர்கள் வாதம். மாதா ஒத்துக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

மண்டபத்தில் ஒரு மருத்துவ முகாம் இருந்தது. நர்சிங் படிக்கும் பெண்கள். பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், அதில் காலை வைக்கச் சொல்லி, துடைத்து, கொப்புளத்தைச் சுத்தம் பண்ணி மருந்து வைத்து ஒட்டினார்கள். அண்ணியின் குதிகால் பக்கம் பழைய கொப்புளம் ஒன்று தோல் உரிந்து சிவந்து கிடந்தது. அந்தப் பெண் கையுறையோடு அதைத் தொட்டதும் அண்ணி பல்லைக் கடித்தார்கள். "அக்கா, மாதா பாட்டு ஒண்ணு பாடுங்க, முடிச்சுடறேன்" என்றாள். பாடி முடிப்பதற்குள் கட்டுப் போட்டுவிட்டாள். காசு வாங்கவில்லை. மொத்த வழியிலும் எனக்கு ரொம்பப் பிடித்த சேவை இதுதான், ஆனால் வரிசை நீளம். மண்டபத்துக்குள் நுழைந்தவுடனே, படுக்கிறதுக்கு முன்னால், போய் நின்றுவிடுங்கள்.

இப்போது கழிப்பறை. ஆண்கள் எழுதும் யாத்திரைக் குறிப்புகளில் இது வருவதே இல்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள், அதில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதிகம். எலுமிச்சை சாதம் கொடுக்க நூறு கை நீள்கிற சாலையில், காரைக்கால் ஊரைத் தாண்டினால் நாகூர் வரை ஒரு பெண் ஒதுங்க ஒழுங்கான இடம் கிடையாது. இருட்டில் கருவேலங்காட்டுப் பக்கம் நாலு பேராகச் சேர்ந்து போகிறார்கள், ஒருத்தர் செல்போன் டார்ச்சைத் தரையில் அடித்துப் பாம்பு பார்க்கிறார். விடிந்துவிட்டால் அதுவும் முடியாது. ஒரு பெட்ரோல் பங்க்கில் கேட்டோம், ரிப்பேர் என்று பூட்டிக் காட்டினார்கள். அதற்குப் பயந்தே பலர் தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள், அப்புறம் மயங்கி விழுகிறார்கள், அதற்கு முகாமில் குளுக்கோஸ். பந்தல் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இருபதாவது சாம்பார் சாதப் பந்தல் போடுவதற்குப் பதிலாக அந்தக் காசில் இரண்டு தற்காலிகக் கழிப்பறையும் ஒரு தண்ணீர் டேங்கும் வாடகைக்கு வையுங்கள். ரோட்டை ஒட்டி வீடு இருக்கிறவர்கள் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட்டால் இன்னும் புண்ணியம். ஒரே ஒரு வீட்டில் அப்படிச் செய்திருந்தார்கள், வாசலில் அட்டையில் "பெண்கள் உள்ளே வரலாம்" என்று எழுதி, வாளியும் சோப்பும் வைத்து. அந்த வீட்டுக்காரம்மாவுக்குத்தான் அன்றைக்கு அதிக ஆசீர்வாதம் கிடைத்திருக்கும்.

நாலு மணிக்குக் கிளம்பினால் மிச்சம் 12 கிலோமீட்டர். புத்தூர், பாப்பாகோவில் என்று போகும். தூரத்தில் சின்னது, ஆனால் இந்த நாளில் கஷ்டமான பகுதி இதுதான். வேளாங்கண்ணிக்குப் போகிற அத்தனை வேன், கார், சிறப்புப் பேருந்துகளும் இதே ரோட்டில். ஏழு மணிக்கு மேல் எதிரில் வரும் ஹெட்லைட்டில் பக்கத்தில் நடக்கிறவர் முகம்கூடத் தெரியாது. ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னது இதற்குத்தான். வலது பக்கமாக, வண்டியைப் பார்த்தபடி, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நடக்க வேண்டும். குழுத் தலைவர்கள் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் ஊர் நெருங்க நெருங்க எல்லோரும் கைகோத்து அகலமாகப் பரவிவிடுகிறார்கள், உற்சாகம். போலீஸ் நிற்கும் சந்திப்புகளில் ஒழுங்கு இருக்கிறது, நடுவில் இல்லை.

இந்த 12 கிலோமீட்டருக்கு ஒரு கதை உண்டு. வேளாங்கண்ணி நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான பையனிடம் மாதா மோர் கேட்டாராம், அவன் கொடுத்தான், கால் சரியாகி, சேதி சொல்ல நாகப்பட்டினத்துக்கு ஓடினான். அதாவது அவன் ஓடின திசைக்கு நேர் எதிராக நாம் நொண்டிக்கொண்டு போகிறோம். பாப்பாகோவிலைத் தாண்டி ஒரு தாத்தா சின்னக் குடத்தில் மோர் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார், பந்தல் இல்லை, மைக் இல்லை. கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட நீர்மோர், எவர்சில்வர் டம்ளர், குடித்த டம்ளரை அவரே வாங்கிக் கழுவி வைக்கிறார். வழி முழுக்கக் குடித்த மோரில் முதல் பரிசு இதற்குத்தான். "எத்தனை வருஷமா தாத்தா?" என்று கேட்டதற்கு, "குடிச்சுட்டு நடம்மா, பின்னாடி ஆளு நிக்குது" என்றார்.

ஆர்ச் தெரிந்தவுடன் சத்தம் வானத்தைத் தொடும். "மரியே வாழ்க" என்று குழு குழுவாகக் கத்திக்கொண்டு, சிலர் அழுதுகொண்டு, சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆர்ச்சிலிருந்து பேராலயம் வரை கூட்டம் நகர்த்திக்கொண்டு போகும், நீங்கள் நடக்கத் தேவையில்லை. 1962இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட அந்த வெள்ளைக் கோயில் முழுக்க விளக்கு. உள்ளே வரிசை வேகமாகவே போனது, சொரூபத்துக்கு முன்னால் நிற்கக் கிடைத்தது சில நொடிகள். அந்த அவசரம் பிடிக்காதவர்கள் பழைய மாதா குளத்துப் பக்கம் போங்கள். குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழங்காலால் நகர்ந்து போகிறவர்களைப் பார்க்கலாம். 32 கிலோமீட்டர் நடந்த திமிர் நமக்குக் கொஞ்சம் இருந்தால் அது அங்கே இறங்கிவிடும்.

தங்குமிடம் பற்றிச் சுருக்கமாக: திருவிழா நாளில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஒரு லாட்ஜில் சாதாரண நாளில் 800 ரூபாய் சொல்லும் அறைக்கு 3,000 கேட்டார்கள், அதிலும் தண்ணீர் காலை ஐந்து மணிக்குத்தான் வருமாம். நடந்து வருகிற குழுக்கள் பெரும்பாலும் திறந்தவெளியில், மணலில், தார்ப்பாய் விரித்துத்தான் படுக்கின்றன. நாங்களும் அப்படித்தான். கடல் அங்கே, கால்மாட்டில். நடந்த அலுப்பில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதியைக் கண்ணால் பார்த்த கடைக்காரர்கள் அந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள், படுக்க இடம் கேட்டபோது ஒருவர் அலையிலிருந்து தள்ளி, மேட்டுப் பக்கம்தான் கை காட்டினார்.

யாருக்கு இந்த நடை சரிப்படும்? தினமும் ஒரு மணி நேரம் நடக்கிற பழக்கம் இருந்தால் ஐம்பது வயதிலும் முடியும். புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு வராதீர்கள், பழகிய செருப்புப் போதும். சின்னக் குழந்தைகளை நாகைக்கு அப்புறம் நடக்க விடாதீர்கள், அந்த ரோடு அதற்கான ரோடு இல்லை. முழு 32 முடியாது என்றால் காரைக்கால்-நாகூர் மட்டும் நடந்துவிட்டு, அங்கிருந்து பஸ் ஏறிவிடுங்கள். இந்த நாளின் நல்லதெல்லாம் ஏறக்குறைய அந்தப் பாதிக்குள் வந்துவிடுகிறது, மோர்த் தாத்தாவைத் தவிர.

திரும்பி வருவதற்கு: 2010இல் வந்த நாகை-வேளாங்கண்ணி ரயில் பாதை இருக்கிறது, நேரம் பார்த்துக்கொண்டு போனால் உண்டு. பஸ் என்றால், திருவிழாவில் ஊருக்கு வெளியே தற்காலிக ஸ்டாண்டுக்குத் துரத்திவிடுவார்கள், அதுவரை இருக்கிற காலோடு நொண்ட வேண்டும், போனாலும் கடலூர் வண்டியில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டவர்களுக்குத்தான் சீட். நாங்கள் ஷேர் ஆட்டோவில் நாகைக்கு வந்து அங்கே ஏறினோம். கூட்டம் குறைவு, உட்கார்ந்தே வந்தோம், அண்ணி சீர்காழி வரை கண்ணைத் திறக்கவில்லை.